மலைநாட்டு விருந்தும் லயத்து வாசலும்

விருந்தோம்பலைத் தமிழர் தனியொரு தொழிலாக எண்ணியதில்லை. இல்வாழ்க்கையின் ஓர் உறுப்பாகவே எண்ணி வந்தனர். திருக்குறளில் விருந்தோம்பல் என்னும் அதிகாரம் இல்லறவியலில் வைக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். முதலில் இல்லம் ஒன்று வேண்டும். அந்த இல்லத்துக்கு உரியவர் வாசலில் நின்று, வருக என்று அழைக்க வேண்டும். அதன் பின்னரே விருந்து என்னும் சொல் பொருள் பெறும். இந்த எளிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, இலங்கையின் மத்திய மலைநாட்டிலுள்ள நோர்வூட் என்னும் சிற்றூரை நோக்கினால், இன்று உலகெங்கும் பேசப்படும் நிலைபேறான கிராமிய உல்லாசப் பயணம் எவ்விடத்தில் இடறுகிறது என்பது தெளிவாகும்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் சாலையில் நோர்வூட் அமைந்திருக்கிறது. மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையொன்று இங்கிருந்து பிரிகிறது. சிறியதொரு கடைத்தெரு, அருகே ஓடும் கெஹெல்கமு ஓயா, நாற்புறமும் மலைச்சரிவிலே ஏறிச் செல்லும் தேயிலை நிரைகள், இடையிடையே நீண்டு கிடக்கும் லயன்கள். கொழுந்துக் கூடையை முதுகிலே தாங்கிப் பெண்கள் மலைக்குச் செல்லும் காலை வேளையில், மூடுபனி மெல்ல விலகும் காட்சியைக் கண்டவர் எவரும் அதனை எளிதில் மறக்கமாட்டார்.

இப்பகுதிக்கு விருந்தினர் வருவது புதிய செய்தியன்று. மார்கழி மாதத்துப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையிலும், சிவனொளிபாத மலையை நாடிச் செல்லும் யாத்திரிகர் கூட்டம் ஹட்டன் நகரைக் கடந்து செல்வது நெடுங்கால வழக்கம். 2,243 மீற்றர் உயரமுள்ள அந்த மலையைப் பௌத்தரும், இந்துக்களும், இஸ்லாமியரும், கிறிஸ்தவரும் ஒருங்கே போற்றுகின்றனர். 1884 ஆம் ஆண்டில் புகையிரதம் ஹட்டனை எட்டிய பின்னர் இவ்யாத்திரை முன்னிலும் எளிதாயிற்று. ஆயினும் யாத்திரிகர் தேடி வந்தது மலையுச்சியைத்தான். வழியிலுள்ள தோட்டங்களும் அவற்றில் வாழும் மக்களும் அவர்களுக்கு வழிக்காட்சியாக மட்டுமே இருந்தனர்.

அண்மைக் காலத்தில் வருவோரின் நோக்கம் வேறு. அவர்கள் தேயிலை நாட்டையே காண வருகின்றனர். வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் 2005 ஆம் ஆண்டு முதல் சிலோன் டீ ட்ரெயில்ஸ் என்னும் பெயரில் உயர்தர விடுதிகளாக மாறின. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த அந்த விடுதிகளுள் ஒன்று நோர்வூட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. அண்மையில் பெக்கோ நடைவழி என்றொரு நெடும்பாதையும் வகுக்கப்பட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இவ்வழி 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 22 பிரிவுகளை உடையது. பிரித்தானியர் காலத்தில் தேயிலை கொண்டுசெல்வதற்கு வெட்டப்பட்ட பழம் பாதைகளை இணைத்து இதனை ஆக்கியுள்ளனர். கொட்டகலையிலிருந்து வரும் பிரிவு நோர்வூட்டில் முடிகிறது. பொகவந்தலாவையை நோக்கிய பிரிவு இங்கிருந்து தொடங்குகிறது. ஆக, உலகின் பல நாடுகளிலிருந்தும் வருவோர் தோளிலே பையைச் சுமந்துகொண்டு இன்று லயத்து வாசலை ஒட்டியே நடந்து செல்கின்றனர்.

நடப்பவருக்குக் காண்பதற்கு எத்தனையோ உண்டு. டிக்கோயாவிலே 1878 ஆம் ஆண்டில் எழுந்த வோர்லி தேவாலயம் உண்டு. பொகவந்தலாவை மரியாள் தேவாலயத்திலே, நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரட் கமரோன் அம்மையாரின் கல்லறை உண்டு. அவர் 1879 ஆம் ஆண்டில் டிக்கோயாவிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானவர். அவருடைய பெயர் கல்லில் இருக்கிறது. ஆனால், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்து, நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்ட எண்ணற்ற தொழிலாளரின் பெயரைத் தாங்கிய கல்லை எங்கே காண்பது? விருந்தினருக்குக் காட்டப்படும் மலைநாட்டின் வரலாறு, துரைமாரின் வரலாறாக மட்டும் அமைந்துவிடுகிறது. இது முதற் குறை. இதற்கு அடியிலுள்ள குறை இன்னும் ஆழமானது.

அதனை அறிய வேண்டுமானால் நிலத்தின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிப் பயிருக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் வேண்டியிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆதலின் தொழிலாளர் குடும்பங்கள் தோட்டத்திலேயே தங்கும்படி லயன்கள் கட்டப்பட்டன. ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா. அதன் முன்னே சிறியதோர் இஸ்தோப்பு. அவ்வளவே ஒரு குடும்பத்தின் உலகம். அந்தக் காம்பராவும் குடும்பத்துக்கு உரியதன்று, வேலைக்கு உரியது.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பகுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று ஒதுக்கியது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. இதற்கிடையில் 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்று, பின்னர் நீண்ட காலக் குத்தகையாயிற்று. தோட்டத்தின் உடைமை இவ்வாறு பல கைகள் மாறியபோதும், அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த குடும்பத்தின் கைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

இந்த வரலாற்றுக்கும் உல்லாசப் பயணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. கிராமத்துக்கு வரும் விருந்தினரால் கிராமத்தார் பயன் பெறும் வழிகள் பலவல்ல. வீட்டின் ஓர் அறையைத் தங்குவதற்குக் கொடுக்கலாம், வாசலில் ஒரு தேநீர்க் கடை வைக்கலாம், தோட்டத்து மரக்கறியை விடுதிகளுக்கு விற்கலாம், வழிகாட்டியாகச் செல்லலாம். இவற்றுள் கடைசி ஒன்றைத் தவிர ஏனையவற்றுக்கெல்லாம் காலூன்ற ஒரு துண்டு நிலம் வேண்டும். அறையொன்றைச் சீர்படுத்தக் கடன் வேண்டினால் வங்கி காணி உறுதியைக் கேட்கிறது. கூரையை மாற்றுவதற்கும், குளியலறை ஒன்றைக் கட்டுவதற்கும் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். லயத்தில் வாழும் இளைஞன் ஒருவன் எத்துணை அறிவும் முயற்சியும் உடையவனாயினும், தன் வாசலுக்கு வந்தவரை வருக என்று அழைத்து அமர்த்த அவனுக்கு உரிமையுள்ள வாசல் இல்லை. நோர்வூட்டிலே விருந்தினர் உண்டு. விருந்தளிக்க உரிமை உடையவர் இல்லை.

இதன் விளைவு பணத்தின் போக்கிலே தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் தங்கும் இடத்துக்கும் வாகனத்துக்கும் உரிய தொகையைப் பெரும்பாலும் பயணத்துக்கு முன்னரே செலுத்திவிடுகிறார். அத்தொகை தலைநகரிலோ பிறநாட்டிலோ தங்கிவிடுகிறது. விடுதிகளால் சமையலாளருக்கும், தோட்டக்காரருக்கும், பணியாளருக்கும் வேலை கிடைக்கிறது என்பதை மறுக்க முடியாது. நாட்கூலியை நம்பிய குடும்பத்துக்கு மாதச் சம்பளம் பெரிய ஆறுதலே. ஆயினும் வேலை வேறு, பங்கு வேறு. வேலை தருபவர் நிறுத்தினால் வேலை நின்றுவிடும். பங்கு உடையவரையோ அவ்வாறு எளிதில் விலக்க முடியாது.

மற்றொரு காட்சியையும் இங்கே கருத வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணை நிழற்படம் எடுக்க விரும்பாத பயணி அரியர். அவள் கையை நிறுத்தி, முகத்தை நிமிர்த்திப் புன்னகை செய்கிறாள். அந்தச் சில நிமிடம் அவளுடையதன்று. பல தோட்டங்களில் முழுப் பேர் பெறுவதற்கு நாளொன்றுக்கு 18 கிலோ வரை கொழுந்து நிறுக்கப்பட வேண்டும். 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாகவும், 2024 ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளம் நெடும் போராட்டத்தின் பயனாகவே வந்தது. பயணி மனமிரங்கிச் சில்லறை கொடுத்தால் அது பிச்சையின் சாயலைப் பெறுகிறது. கொடாது சென்றால் அவளது நேரம் வீணாகிறது. எவ்வகையிலும் அவள் விருந்தளிப்பவளாக நிற்கவில்லை. காட்சிப் பொருளாகவே நிற்கிறாள். மலையகத்தின் படம் உலகமெங்கும் செல்கிறது. படத்திலுள்ளவளோ மாலையில் மீண்டும் அதே காம்பராவுக்குத் திரும்புகிறாள்.

நிலத்தின் பொறையையும் நீரின் தூய்மையையும் பற்றிய கவலை அடுத்தது. நோர்வூட்டைக் கடந்து ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, மின்னுற்பத்திக்கு உதவி, மஸ்கெலி ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிறது. கொழும்பு மாநகர் பருகும் நீரின் பெரும்பகுதி அக்கங்கையிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆதலின் நோர்வூட்டின் ஓடையில் எறியப்படும் பொலித்தீன் பையும், விடுதியிலிருந்து கசியும் கழிவுநீரும் நோர்வூட்டின் துன்பம் மட்டுமல்ல. யாத்திரைக் காலத்திலே சிவனொளிபாத மலையின் வழியெங்கும் குவியும் பிளாஸ்டிக் போத்தல்கள், பக்தியும் அழுக்கும் ஒரே பாதையில் ஏறக்கூடும் என்பதை ஆண்டுதோறும் காட்டுகின்றன. அம்மலையைச் சூழ்ந்த வனம் 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. மதிப்பு உயர உயர வருவோர் தொகையும் உயரும். காக்கும் ஏற்பாடு அதனோடு உயராவிடின் மதிப்பே கேடாக முடியும்.

மண்ணின் நிலையோ இன்னும் நுண்ணியது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தும், செல்வதற்கு வேறிடம் இல்லாத மக்கள் அங்கேயே இருந்தனர். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மலைநாட்டு மாவட்டங்கள் நிலச்சரிவினாற் பெரிதும் அழிந்தன. புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. சரிவை வெட்டி விடுதி கட்டுவதும், நீரோடும் வழியை அடைத்துப் பாதை போடுவதும் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுவதில்லை. ஆபத்து நேரும்போது பயணி ஊர் திரும்பிவிடுவார். லயத்தில் உள்ளவர் எங்கே திரும்புவார்?

இத்தொழிலின் நிலையாமையையும் மறத்தலாகாது. 2018 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 2,333,796 பேர். 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் அத்தொகை 1,913,702 ஆகக் குறைந்தது. கொரோனாத் தொற்றினால் 2020 இல் 507,704 ஆகவும், 2021 இல் 194,495 ஆகவும் வீழ்ந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைக் கடந்து 2024 இல் 2,053,465 ஆக மீண்டது. மூன்றே ஆண்டுகளில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடிய வருமானத்தை மட்டும் நம்பி ஒரு கிராமம் வாழ முடியுமா? முடியாது. எனவே நோர்வூட்டுக்கு உல்லாசப் பயணம் முதற்றொழிலாக இருத்தல் ஆகாது. தேயிலைக்கும், மரக்கறிப் பயிருக்கும், பாற்பசு வளர்ப்புக்கும் துணைத்தொழிலாகவே இருத்தல் வேண்டும். விருந்தினர் வராத காலத்திலும் அடுப்பு எரியக்கூடிய வீடே விருந்தினரைத் தாங்கும் வீடாகும். அதற்கும் அடிப்படை, வீட்டைச் சூழ்ந்த நிலமே.

பிறநாட்டு அனுபவம் இதனை வலியுறுத்துகிறது. கேரளத்தில் வேம்பநாட்டு ஏரிக் கரையிலுள்ள குமரகத்தில் பெரிய விடுதிகள் எழுந்தபோது, ஊர்மக்கள் தாம் ஒதுக்கப்பட்டதாகக் குறைகூறினர். 2008 ஆம் ஆண்டிலே மாநில அரசு புதியதொரு முறையை அங்கே தொடங்கியது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் தரிசாகக் கிடந்த வயல்களிலும் பயிரிட்டன. விளைந்த காய்கறியை விடுதிகள் வாங்கின. விலையையும் தரத்தையும் ஊராட்சியும் கூடியிருந்து தீர்மானித்தது. அம்முயற்சி 2013 ஆம் ஆண்டுக்கான ஐக்கிய நாடுகள் உலகச் சுற்றுலா அமைப்பின் விருதையும் பெற்றது. அங்கே வெற்றி தந்தது விடுதியின் பெருந்தன்மை அன்று; பயிரிட நிலமும், பேரம் பேச ஓர் அமைப்பும் மக்களுக்கு இருந்தமையே.

தேயிலை விளையும் மற்றொரு தமிழ் மலையாகிய நீலகிரி தருவது வேறொரு பாடம். வாகனப் பெருக்கத்தால் மூச்சுத் திணறிய உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஏற்பாடு செய்தது. 2025 ஆம் ஆண்டில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தது. மலை தாங்கும் அளவைப் பாரம் ஏறிய பின் கணக்கிடுவதிலும் ஏறுமுன் கணக்கிடுவதே அறிவுடைமை. நோர்வூட்டுக்கு அந்தக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் பொதுப்பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018 ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையை நீக்கியது. அதே ஆண்டில் அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து பிரிந்து நோர்வூட்டுக்கெனத் தனியொரு பிரதேச சபையும் அமைந்தது. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்குப் புதிய கிராமங்களை ஆக்கும் அதிகார சபையும் அவ்வாண்டிலேயே சட்டத்தினால் நிறுவப்பட்டது. 2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் நோர்வூட் மைதானத்தில் திரண்ட மக்கள் முன்னிலையிலே, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குச் சென்ற குடும்பங்களின் வாசலிலே பூச்செடியும் கறிவேப்பிலையும் தளிர்ப்பதை இன்று காணலாம். அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும், அடிக்கல்லுக்கும் உறுதிப் பத்திரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே இனிச் செய்ய வேண்டிய பணி.

காணியைப் பகிர்ந்தால் தேயிலை குன்றும் என்பது கம்பனிகளின் பக்கத்திலிருந்து எழும் வாதம். அது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஏற்றுமதியால் நாடு பெறும் வருமானம் அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் ஒரு வீட்டுக்குச் சில பேர்ச்சஸ் நிலம் என்பது தேயிலைப் பரப்பிலே பெரும்பங்கைக் கவர்வதன்று. மேலும் தோட்டத்து இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்பட்டுச் செல்வது ஆண்டுதோறும் பெருகி வருகிறது. ஆள் இல்லாத மலையிலே தேயிலை எவ்வாறு செழிக்கும்? மக்களை மண்ணோடு பிணைப்பது கட்டாயமன்று, உரிமையே. தனக்கென ஒரு வாசல் உள்ள இளைஞன் காலையிலே மலைக்குச் செல்லவும், மாலையிலே விருந்தினருக்கு வழிகாட்டவும் உடன்படுவான்.

உறுதிப் பத்திரம் கிடைத்த அன்றே எல்லாம் நிறைவேறிவிடும் என்பதுமன்று. விருந்தினரோடு உரையாடச் சிங்களமும் ஆங்கிலமும் பயிற்றப்பட வேண்டும். கழிவகற்றும் கடமையைப் பிரதேச சபை ஏற்க, அதற்குரிய சிறு கட்டணத்தை நடைவழியில் வருவோர் செலுத்துதல் தகும். தோட்டத்துள் நுழைந்து படம் எடுப்போர் அனுமதி கேட்கவும், அதற்குரிய தொகை பெண்களின் பொதுநிதிக்குச் செல்லவும் முறை வகுக்கலாம். விடுதிகளின் மரக்கறியும் பாலும் இயன்றவரை அயலிலிருந்தே வாங்கப்படலாம். நிலச்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் விடுதியாயினும் லயமாயினும் இருத்தலாகாது என்ற விதி இரு திறத்தார்க்கும் ஒன்றாகவே செல்லுதல் வேண்டும். மன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் கதையை அவர்களின் பேரப்பிள்ளைகளே சொல்லும்படி வழிகாட்டிகளைப் பயிற்றுதல் வேண்டும். அக்கதையைக் கேட்ட பயணி, அழகிய மலையொன்றைக் கண்டோம் என்பதோடு அமையாது, மனிதரைக் கண்டோம் என்ற நிறைவோடும் திரும்புவார்.

நிலைபேறு என்பது காட்டையும் ஆற்றையும் மட்டும் குறிக்கும் சொல்லன்று. காட்டையும் ஆற்றையும் காப்பவர் அவற்றின் அருகே வாழ்பவர். தமக்கு உரியது என்று எண்ணுவதையே மாந்தர் மனமுவந்து காப்பர். பிறருடைய சரிவு, பிறருடைய ஓடை, பிறருடைய காம்பரா என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எண்ணும்படி வைக்கப்பட்ட மக்களிடம், இவற்றை உலகத்துக்காகக் காத்துத் தாருங்கள் என்று கேட்பது எவ்வாறு பொருந்தும்? முதலில் வாசல் அவர்களுடையதாகட்டும். மூடுபனி விலகும் ஒரு காலையில், நடைவழியிலே வரும் அயலாரைத் தன் வீட்டு வாசலில் நின்று ஒரு மூதாட்டி தேநீர் அருந்த அழைப்பாளாயின், நோர்வூட்டின் உல்லாசப் பயணம் அன்றே வேரூன்றியது எனலாம். அந்தத் தேநீர் அவள் கையால் பறித்த கொழுந்தாக இருக்கலாம். அந்த வீடு அவளுடையதாகவே இருத்தல் வேண்டும்.